மடியில் கனம் இல்லாதவனுக்கும் சட்டத்தரணி வேண்டும்

"மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை." இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பழமொழியைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கட்டுரை எழுதவைத்து, சிவப்பு மையால் புள்ளியிட்டு வந்தவன் நான். ஆசிரியர் கலாசாலையில் எனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள். இன்று அதே பழமொழிக்கு எதிராக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது ஒரு பிள்ளையைக் குழியில் தள்ளியது. தள்ளிய கை என்னுடையது.

அவன் என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை படித்தவன். அமெரிக்காவுக்குப் போய், நிரந்தர வதிவிட உரிமை பெற்று, ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் இருவர் வீட்டுக்கு வந்தார்களாம். முதலாளியின் கொடுக்கல் வாங்கலைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். மறுநாளும் வருவார்களாம். "சேர், லோயர் ஒருத்தரைப் பிடிக்கவா?" என்று கேட்டான்.

"நீ என்ன களவெடுத்தாயா? லோயரைக் கூட்டிக்கொண்டு நின்றால்தான் சந்தேகம் வரும். உள்ளதை உள்ளபடி சொல்லு" என்றேன்.

சொன்னான். இரண்டு மணித்தியாலம் இருந்து பதில் சொன்னான். ஒரு குறித்த பத்திரத்தில் ஒப்பமிட்டாயா என்று கேட்டபோது "இல்லை" என்றான். ஆனால் அந்தப் பத்திரத்தில் அவனுடைய ஒப்பம் இருந்தது. முதலாளி ஒரே நாளில் நீட்டிய காகிதக் கட்டுக்குள் அதுவும் ஒன்று. சில மாதங்களில் அவன்மீதே சமஷ்டி வழக்கு வந்தது. முதலாளியின் பணத்தில் ஒரு சதமும் அவன் கையில் ஒட்டவில்லை. அதற்காக வழக்கும் இல்லை. அதிகாரிகளுக்குப் பொய் சொன்னான் என்பதே குற்றச்சாட்டு. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கே இடமிருந்திராது.

அதன் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்கச் சமஷ்டிச் சட்டத்தில் 1001 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சமஷ்டி அதிகாரியிடம், விசாரணைக்குரிய முக்கியமான ஒரு விடயத்தில், தெரிந்துகொண்டு பொய் சொன்னால் ஐந்து வருடம் வரை சிறை. சத்தியம் செய்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டு வாசற்படியில் நின்று சொன்னாலும் போதும். தொழிற்சங்க உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டுக்கு 1993 இல் அதிகாரிகள் போனார்கள். ஒரு கம்பனியிடமிருந்து பணமோ பரிசோ பெற்றீரா என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். அந்த ஒற்றைச் சொல்லும் குற்றமே என்று 1998 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. புரோகன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அவர் உண்மையில் பணம் பெற்றவர்தான். ஆனால் பெறாதவனும் மறந்தவனும் பயந்தவனும் சொல்லக்கூடியது அதே "இல்லை"தான். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்பது பிறகு நடக்கும் வழக்கு. அந்த வழக்குக்குள் போய்த்தான் அவன் வெளியே வரவேண்டும்.

"மௌனமாயிருக்கும் உரிமை உண்டு என்று பொலிஸார் முதலில் சொல்லவேண்டுமே, படங்களில் பார்க்கிறோமே" என்று ஒரு நண்பர் கேட்டார். 1966 ஆம் ஆண்டின் மிராண்டா தீர்ப்பு காவலில் எடுத்து விசாரிக்கப்படுகிறவனுக்கே உரியது. கதவைத் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி விசாரிக்கிறவர் அதைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால்தான் நான் என் மாணவனைத் தனியே உட்காரவைத்தேன்.

எங்கள் எழுத்தாளர்கள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. நம் சிறுகதைகளில் சட்டத்தரணி ஒருவர் வந்தால் அவர் பொய் விற்கிறவராகவே வருவார். ஏழையின் காணி உறுதியை விழுங்குவார். கதாநாயகனோ யாருடைய துணையும் இல்லாமல் கூண்டில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொல்வான். நீதவான் கண்கலங்குவார். நாமும் கண்கலங்கி, நல்ல கதை என்று கடிதம் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன்.

உண்மையான கூண்டில் என்ன நடக்கிறது? தென் கரோலினாவில் கள்ள இருபது டொலர் தாள் மாற்றியதாக இரண்டு கடற்படைச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். 1935 ஜனவரி 23 அன்று அவர்களைச் சமஷ்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். குற்றப்பத்திரிகை இருப்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரியும். அதே நாளில் விசாரணை, அதே நாளில் தீர்ப்பு, அதே நாளில் நாலரை வருடச் சிறைத் தண்டனை. பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. அவர்களில் ஒருவரான ஜோன்சன் தொடர்ந்த வழக்கில்தான் 1938 இல் உயர் நீதிமன்றம் சொன்னது: தானாக, அறிந்து கைவிட்டாலன்றி, சமஷ்டிக் குற்றவழக்கில் எந்த எதிரியையும் சட்டத்தரணி இல்லாமல் தண்டிக்க முடியாது. அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தில் 1791 இலேயே எழுதியிருந்த உரிமைதான் அது. எழுதியதற்கும் கிடைத்ததற்கும் இடையில் நூற்று நாற்பத்தேழு வருடங்கள்.

மாநில நீதிமன்றங்களுக்கு அது போய்ச்சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. புளோரிடாவில் ஒரு பில்லியட் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் கிடியன் என்ற ஏழை 1961 இல் பிடிபட்டார். சட்டத்தரணி கேட்டார், மறுத்தார்கள். தானே வாதாடினார். ஐந்து வருடம் கிடைத்தது. சிறையிலிருந்து பென்சிலால் உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 இல் வென்றார். மறுவிசாரணையில் அதே குற்றச்சாட்டு, அதே நீதிபதி, அதே பிரதான சாட்சி. மாறியது ஒன்றுதான்: இம்முறை சட்டத்தரணி இருந்தார். விடுதலையானார். அவருடைய மடி இரண்டு தடவையும் ஒரே மடிதானே?

இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் பிரான்டன் மேஃபீல்டைப் பார்க்கட்டும். ஒரிகன் மாநிலத்தவர், இஸ்லாத்தைத் தழுவியவர், தானே ஒரு சட்டத்தரணி. 2004 மார்ச்சில் மட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே கிடைத்த ஒரு பையிலிருந்த விரலடையாளம் இவருடையதென்று எப்.பி.ஐ. நிபுணர்கள் சொன்னார்கள். அவருடைய கடவுச்சீட்டுக் காலாவதியாகியிருந்தது. கள்ளப் பெயரில் போயிருக்கலாம் என்று எழுதினார்கள். ஸ்பானியப் பொலிஸார் பொருந்தவில்லை என்றபோதும் விடவில்லை. மே மாதம் சாட்சி என்ற பெயரில் இரண்டு வாரம் அடைத்துவைத்தார்கள். அந்த விரலடையாளம் ஓர் அல்ஜீரியருடையதென்று ஸ்பெயின் அறிவித்த பிறகே வெளியே வந்தார். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006 இல் இருபது இலட்சம் டொலர் நட்டஈடு கொடுத்தார்கள். சட்டம் படித்த அவரே தனக்காகத் தனியே பேசவில்லை; அரசாங்கச் செலவில் இயங்கும் சமஷ்டிப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தரணிகள் அவருக்காக நின்றார்கள். கணக்கெழுதுகிற பையனுக்கு நான் தனியே பேசச் சொன்னேன்.

"காசுள்ளவன் சட்டத்தரணி வைத்துத் தப்புகிறான், குற்றவாளிக்கு எதற்கு இந்த உரிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. 1770 இல் பொஸ்டன் நகரில் பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜோன் அடம்ஸ், பிரித்தானியருக்கு எதிரான அணியைச் சேர்ந்தவர், பின்னாளில் அந்நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இருவர் கொலையல்லாத மனிதப் படுகொலைக்குக் குற்றவாளிகள். ஊர் கேட்டபடி நடந்திருந்தால் எட்டுப் பேரும் தூக்கில். யார் குற்றவாளி என்பதை முதலிலேயே தெரிந்துவைத்திருக்கும் ஊருக்கு நீதிமன்றம் எதற்கு?

அமெரிக்க நீதிக்கு நான் குடை பிடிக்கவில்லை. 2002 முதல் குவாந்தனாமோவில் மனிதர்களை வழக்கில்லாமல் அடைத்தவர்களும் அவர்களே. சமஷ்டி நீதிமன்றங்களில் குற்றவாளிகளாகக் காணப்படுவோரில் 97 சதவீதத்தினர் விசாரணையின்றித் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012 இல் உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியது. விசாரணைக்குப் போய்த் தோற்றால் பத்து வருடம், இப்போது ஒப்பமிட்டால் ஒரு வருடம் என்றால் நிரபராதியும் பேனாவைத் தேடுவான். நம் கதைகளில் வரும் கூண்டும் வீரவசனமும் அங்கே நூற்றுக்கு மூன்று பேருக்கே. மற்றவர்களின் தலைவிதி மூடிய அறையில், ஒரு மேசையின் மேல், காகிதத்தில் முடிகிறது. அந்த மேசையில் அவன் பக்கத்தில் உட்காரும் ஒரே ஆள் சட்டத்தரணிதான். அவனிடம் அவன் சொன்னதை அரசாங்கம் கேட்டு வாங்க முடியாது.

என் மாணவனுக்கும் அந்தக் காகிதம் வந்தது. "சேர், சைன் வைத்தால் சிறையில்லையாம், முடிந்துவிடுமாம்" என்று அழுதான். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. அரசாங்கச் செலவில் நீதிமன்றம் அவனுக்கு நியமித்திருந்த சட்டத்தரணி, ஒரு பெண்மணி, சொன்னாராம்: "சிறையில்லை, சரி. ஆனால் இதில் ஒப்பமிட்டால் உன்னை நாடுகடத்த வழி திறக்கலாம்." பிரஜையல்லாதவனுக்கு இந்த ஆபத்தை எடுத்துச் சொல்வது சட்டத்தரணியின் கடமை என்று 2010 இல் பாடில்லா வழக்கில் தீர்த்திருக்கிறார்கள். அவர் அந்த நாளின் காகிதக் கட்டு முழுவதையும் வரவழைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனை ஒப்பங்கள், எவ்வளவு நேரத்தில், என்ன சொல்லி வாங்கப்பட்டன என்று காட்டினார். ஏழு மாதம் கழிந்து அரச தரப்பே குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டது. அந்த ஏழு மாதமும் அவனுக்கு வேலையில்லை. இங்கே அவனுடைய உம்மா காப்பை அடகு வைத்துத்தான் வீட்டை ஓட்டினார்.

முதல் சந்திப்பில் அந்தப் பெண்மணி அவனிடம் கேட்ட முதல் கேள்வியைப் பின்னர்தான் சொன்னான். "யார் உன்னைத் தனியே பேசச் சொன்னது?" அவன் "எங்கள் சேர்" என்று சொல்லியிருக்கிறான். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.

பொய் சொல்லப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எழுதவேண்டாம். உண்மை பேசுவது வேறு. உண்மையை எப்போது, யாரிடம், யாரைப் பக்கத்தில் வைத்துப் பேசுவது என்பது வேறு. வைத்தியரிடம் போகிறவனை நோயாளி என்றுதான் சொல்கிறோம், பாவி என்று சொல்வதில்லை. சட்டத்தரணியிடம் போகிறவனை மட்டும் ஏன் குற்றவாளி என்கிறோம்?

இப்போதும் அந்தப் பழமொழியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதை எதிர்த்து எழுதுகிற பிள்ளைக்கும் புள்ளி உண்டு என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகிற பிள்ளைகள் பயணம் சொல்ல வந்தால் ஒரு வசனத்தை மனனம் செய்யவைத்து அனுப்புகிறேன்: "மரியாதையோடு சொல்கிறேன், என் சட்டத்தரணி இல்லாமல் நான் பதில் சொல்லமாட்டேன்." ஆங்கிலத்திலும் சொல்லவைக்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, பாடமாகும்வரை விடுவதில்லை.