பூட்டிய கதவும் திறந்த கதவும்

மதத்தை விடாமல் காப்பது பெருமைதான். அந்தப் பெருமை பிறருக்கு எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள்.

பிரான்சு நாட்டில் 1685-இல் மன்னன் பதினான்காம் லூயி, புரொட்டஸ்டண்டு கிறிஸ்துவர்களின் வழிபாட்டைத் தடை செய்தான். பிறகும் மறைவாகப் போதனை செய்தார் ஒருவர். அவருடைய தங்கை மரி டூரானை 1730-இல் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். வயது 19. "என் மதத்தை விட்டேன்" என்று சொன்னால் விடுதலை. அவர் சொல்லவில்லை. 38 ஆண்டுகள் உள்ளேயே கிடந்தார். "எதிர்த்து நில்" என்று பொருள்படும் ஒரு சொல் அந்தச் சிறைக் கல்லில் இன்றும் இருக்கிறது.

அதே மதத்தாரின் வழிவந்தவர்கள் வாழ்ந்த மலைக்கிராமம் லெ ஷம்போன். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை வேட்டையாடினார்கள். பாதிரியார் ஆந்திரே திரோக்மேயும் ஊராரும் அவர்களை வீடுகளிலும் பண்ணைகளிலும் பள்ளிகளிலும் ஒளித்துக் காத்தார்கள். அதற்காக 1943-இல் பாதிரியார் சிறை சென்றார். ஊரார் கதவைச் சாத்தவில்லை. தங்கள் முன்னோர் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை.

நம் லயத்திலும் கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் உண்டு. ஒருவர் சாமியை இன்னொருவர் பழித்துப் பேசும்போது, "நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். அந்த இடத்திலேயே தடுத்துச் சொல்லுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.