காருக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், வீட்டுக்கு யாரைக் கேட்பது?

வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் கிளம்பினால் சனிக்கிழமை விடியலில் வத்தலக்குண்டில் காபி. அதன்பிறகு மலைப்பாதை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏறுகிற கார்கள் எல்லாமே ஏரியில் படகு விட வருவதில்லை. வீடு தேடி வருகிறவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தம்பதி, பிள்ளையை இங்கே விடுதிப் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோர், பெங்களூரின் நெரிசல் போதும் என்று முடிவெடுத்த குடும்பம். கோவைக்காரர்கள் பழநி வழியாக ஏறி வருகிறார்கள். எல்லோர் கையிலும் புரோக்கர் அனுப்பிய நாலைந்து படம், ஒரு லொகேஷன், 'அப்ரூவ்ட்' என்ற ஒரு சொல்.

அந்தச் சொல் உண்மைதானா என்று யாரிடம் கேட்பது? நகராட்சி, தாலுகா அலுவலகம், வனத்துறை அலுவலகம் எல்லாம் இதே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரருக்கு லீவு கிடைக்கிற சனி, ஞாயிறில் அவையும் லீவு. நகர ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ மலையிறங்கித் திண்டுக்கல் போக வேண்டும். திறந்திருப்பது புரோக்கரின் வாய் மட்டும்தான்.

வீடு தேடி மலையேறுவது இந்த ஊரின் பிறவிக்குணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கட்டிய வீடுகளிலிருந்துதான் ஊரே தொடங்கியது. ஏரியே 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் கரை போட்டு உண்டாக்கியது. ஆகவே வெளியூர்க்காரர் வரக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வருகிறவருக்கு ஒரே ஒரு கேள்விக்கு நேரான பதில் வேண்டும். இந்த இடத்தில் வீடு கட்டலாமா, கட்டியிருக்கிற இந்த வீடு அனுமதியோடுதான் நிற்கிறதா?

சமவெளியில் மனை வாங்குகிறவருக்கு இன்று நிறைய வசதி. வில்லங்கம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் செய்த நல்ல காரியம் இது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார் என்று சொல்லும், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும். மலையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டிலும் இல்லை.

அந்த இடம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பது கொடைக்கானல் முழுமைத் திட்டத்தில் இருக்கிறது. 1993-ல் வந்த திட்டம். அதைத் திருத்தும் வேலை கால் நூற்றாண்டு தள்ளிப்போனது. ஊர் அதற்குள் பெருத்துவிட்டது. கிராமம் ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் என்று துறை துறையாகத் தடையின்மைச் சான்று வேண்டும். பட்டா நிலமே ஆனாலும் 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் சட்டத்தில் அகப்பட்டிருக்கலாம். மரம் வெட்ட 1955-ம் ஆண்டுச் சட்டம். 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் மட்டும் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை நிலத்தில் நின்று பார்த்துச் சொல்ல வெளியூர்க்காரரால் முடியாது. மண்ணை வெட்ட ஜேசிபி கொண்டுவரவும் அனுமதி வேண்டும். இத்தனையும் மலையைக் காக்க வந்த விதிகள். ஒன்றையும் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதால், விதி தெரிந்த புரோக்கருக்கு அதுவே முதல் ஆகிவிடுகிறது.

பத்திரம் பதிவாகிவிட்டதே, அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிவு என்பது பரிமாற்றத்தை ஏட்டில் ஏற்றுவது. கட்டடத்தின் யோக்கியதைக்கு அது சாட்சி அல்ல. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்கிக்கொள்கிற அரசு, அந்த ஒன்பது ரூபாய்க்கு ஒரு வரித் தகவலாவது தரலாம்.

அனுமதி மீறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் நாடறியப் பார்த்திருக்கிறது. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் அனுமதிக்கு மேல் மாடிகளை எழுப்பியது. அரசு விலக்கு ஆணை கொடுத்தது. பழநி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கூடுதல் மாடிகள் இடிக்கப்பட்டன. அது பெரிய இடத்து விவகாரம், ஆட்சியையே தொட்டது. அதற்குப் பிறகாவது பாடம் படித்தோமா? 2019-ல் மறுபடியும் நீதிமன்ற உத்தரவு, மறுபடியும் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல். இப்படிச் சீல் விழும்போது கட்டிய ஆள் விற்றுவிட்டுப் போயிருந்தால், வாங்கியவர் தலையில்தான் எல்லாம் விடியும்.

உள்ளூர்க்காரரின் குறை இன்னொரு பக்கம். வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வீடுகள் காட்டேஜ் ஆகின்றன. ஓட்டலில் வேலை செய்கிறவர், கடைப் பையன், பள்ளி ஆசிரியர் எல்லோரும் வீடு கிடைக்காமல் வெளியே தள்ளப்படுகிறார்கள். மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போட்ட அடுக்கு நிலத்தைச் சென்ட் கணக்கில் விற்கக் கேட்டு ஆள் வருகிறது. விற்றவருக்கும் முழு விலை போய்ச் சேர்வதில்லை, நடுவில் நாலு கை.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு ஏறும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் சாதாரண நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் அளவும் வைத்தது. 2011 கணக்கெடுப்பில் 36,501 பேரே இருந்த நகராட்சி இது, கட்டுப்பாடு சரிதான். ஆனால் ஒரு காரின் நம்பரைத் தட்டினால் யார், எங்கிருந்து, எத்தனை நாள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு சர்வே நம்பரைத் தட்டினால் இங்கே வீடு கட்டலாம், கட்டக்கூடாது என்று சொல்லத் தெரியாதா? வீண் பயணம் குறைந்தால் மலைமேல் வண்டியும் குறையும்.

செய்ய வேண்டியது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பட்டா பார்க்கிற அதே இணையப் பக்கத்தில், கொடைக்கானல் தாலுகாவின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் முழுமைத் திட்ட வகைப்பாடு, ஹாகா பட்டியலில் உண்டா இல்லையா, தனியார் காடு, சரணாலய எல்லை, பதிவுத் தடை ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டட்டும். நகராட்சி கொடுத்த கட்டட அனுமதிகளையும், சீல் வைத்த கட்டடங்களின் பட்டியலையும் கதவு எண்ணோடு வெளியிடட்டும். வீட்டை விற்கும் பத்திரத்தோடு அனுமதி வரைபடத்தின் நகலை இணைக்காமல் மலைப்பகுதியில் பதிவு இல்லை என்று ஆக்கட்டும். சனிக்கிழமை அரை நாள், கோட்டாட்சியர் அலுவலகத்தில் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரு உதவி மேசை போடட்டும். திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால் கடைசியாகச் சொன்னதை அடுத்த மாதமே தொடங்கலாம்.

அதுவரை வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியையும் சன்னல் வழியே தெரியும் பள்ளத்தாக்கையும் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள், அதன் எண்ணை நகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு வேலை நாளில் நேரில் சரிபாருங்கள். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.