காவல் நாய்க்குக் கழிச்சல்: ‘நாய்தானே’ என்று விடலாமா?

ஆட்டுக்கு மூக்கொழுகினால் அன்றே மருந்து தேடுகிறோம். மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. ஆனால் ஆட்டுக்கிடையையும் களத்து நெல்லையும் இரவெல்லாம் காக்கும் நாய்க்கு வயிறு கெட்டால் மட்டும், ‘நாய்தானே, புல்லைத் தின்று தானாகத் தேறிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். இந்த எண்ணத்தை நாம் கைவிட்டாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பம்பு செட்டுக் காவலுக்கென்று மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒரு நாள் அது வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தது. மறுநாள் ரத்தக் கழிச்சல். அருகில் போக முடியாத நாற்றம். வீட்டில் கிடந்த பேதி மாத்திரையில் பாதியைக் கொடுத்தார். தண்ணீர் குடித்தால் இன்னும் கழியும் என்று தண்ணீர்ச் சட்டியையும் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் குட்டி செத்தது. பத்து நாள் கழித்து அதே இடத்தில் கட்டிய இன்னொரு குட்டியும் ஒரு வாரத்தில் அதே விதமாகப் போயிற்று. யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொன்னார். செய்வினை ஏதுமில்லை. மண்ணில் தங்கியிருந்த பார்வோ என்னும் நச்சுயிரி செய்த வேலை அது.

1978-ல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் தலைகாட்டிய நோய் இது. 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே அதிகம் தாக்குகிறது. நச்சுயிரி குடலின் உள்தோலை அரித்துவிடுவதால், உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்துபோகின்றன. கெட்ட கிருமிகள் குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கின்றன. சிகிச்சை இல்லாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். காலத்தில் சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைக்கும். ஆடு மாடுகளுக்கோ மனிதருக்கோ இந்நோய் தொற்றாது.

எல்லாக் கழிச்சலும் பார்வோ அல்ல. ஊசிய சோறு, விருந்து வீட்டு எலும்பு, செத்த கோழி ஆகியவற்றைத் தின்பதாலும் வயிறு கெடும். குட்டிகளுக்குக் குடற்புழு முக்கிய காரணம். உருண்டைப் புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியாகவும் வரும். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிப்பதால் ஈறு வெளுத்து, சாணம் கறுத்துப் போகும். கழிச்சலோடு எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, கண்பாவை சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்து, சாணம் மட்டும் இளகியிருந்தால் அரை நாள் தீனியை நிறுத்தலாம்; தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாக வைக்கலாம். பிறகு உப்பு, காரம் சேர்க்காத குழைந்த சோற்றை எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியோடு கொடுக்கலாம். பால் வேண்டாம். இளங்குட்டியைப் பட்டினி போடவும் வேண்டாம். நமக்கு எழுதிக் கொடுத்த பேதி மாத்திரையையும் வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுப்பது ஆபத்து.

ரத்தம் கலந்து கழிந்தாலும், குடித்த நீர் வாந்தியாக வந்தாலும், தோளின் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நின்றாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பார்வோவைக் கொல்லும் மருந்து கிடையாது என்பது உண்மைதான். ஆனால் குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றி, வாந்தியை அடக்கி, மற்றக் கிருமிகளுக்கு ஊசி போட்டால், நாயின் உடம்பே நோயை வெல்ல அவகாசம் கிடைக்கிறது.

இதைவிட மலிவானது வருமுன் காப்பது. வெறிநோய் ஊசி போட்டாயிற்று என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது வேறு, பார்வோ ஊசி வேறு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, ஓராண்டில் மறு ஊசி. ஒரே ஊசியோடு நிறுத்தினால் தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி அதைப் பலிக்க விடாமல் செய்துவிடக் கூடும். குடற்புழு மருந்தை இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும். இது நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. நாய்ப் புழுக்களின் முட்டையும் இளம்புழுவும் வாசல் மண்ணிலிருந்து அவர்களையும் பற்றும்.

நோயில் நாய் இறந்த இடத்தில், ஊசி முடியாத குட்டியை ஓராண்டுக்குக் கட்டாதீர்கள். பினாயிலுக்கு இந்த நச்சுயிரி சாகாது. சாணத்தை அள்ளி ஆழப் புதைத்து, தரையையும் சட்டியையும் நன்கு கழுவியபின், லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடப் போகும்போது குட்டி நாயையும் கூடக் கொண்டு போங்கள். ஒரே இரவில் கிடையில் இரண்டு ஆடு களவு போனால் ஏற்படும் நட்டத்தை எண்ணிப் பார்த்தால், ஊசிச் செலவு ஒன்றுமே இல்லை. நம் உடைமையைக் காக்கும் உயிரைக் காப்பது நம் கடமை.