சனிக்கிழமை வந்து உட்காருவாரா?

திருப்பூரில் என் தங்கை பனியன் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறாள். 22 மிஷின். போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினாள். "அக்கா, ஒரு பிசினஸ் கோச் வச்சுக்கலாம்னு இருக்கேன். ஆறு மாசத்துக்கு 1,20,000 கேக்கறாங்க. ஜிஎஸ்டி தனி. நீ என்ன சொல்றே?"

ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 21,600 ரூபாய். அது அவள் வரிக் கணக்கில் வரவாகிவிடும். 1,20,000 அப்படி இல்லை. கூலி, கரண்ட், வாடகை எல்லாம் போகப் பீசுக்கு 2 ரூபாய் நின்றாலே அவளுக்கு அது நல்ல மாதம். அந்தக் கணக்கில் கோச்சின் கட்டணம் 60,000 பீஸ். அத்தனையும் தைத்து, செக்கிங் முடித்து, கட்டி அனுப்பினால்தான் அந்தக் காசு கையில் நிற்கும். சட்டென்று சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உனக்கு என்ன கஷ்டம்னு முதல்ல சொல்லு" என்றேன்.

இரண்டு சொன்னாள். பெரிய பார்ட்டி ஒருவரிடம் மூன்று மாதமாகப் பில் பணம் நிற்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்கு நகையை வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, அவள் ஒரு மணி நேரம் வெளியே போனாலும் யூனிட்டில் வேலை படுத்துவிடுகிறது.

முதல் கஷ்டத்துக்குக் கோச் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு உள்ள சிறு யூனிட்டுக்கு, எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடித்த ஆண்டில்தான் பார்ட்டி வருமான வரியில் செலவாகக் காட்டலாம் என்று 2023 நிதிச் சட்டம் மாற்றிவிட்டது. இதெல்லாம் அவளுடைய ஆடிட்டரைக் கேட்டாலே தெரிந்திருக்கும். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்றாள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒரே பார்ட்டியை நம்பியிருக்கும் வரை எந்தக் கோச்சாலும் அதைப் போக்க முடியாது.

இரண்டாவது கஷ்டம் வேறு மாதிரி. அதற்கு இன்னொருவரின் கண் வேண்டும். பாஸ்டன் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2011இல் நியூயார்க்கர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தொழிலில் நன்கு தேர்ந்தபின் தன் முன்னேற்றம் நின்றுபோனதாகத் தோன்றியதால், ஓய்வுபெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து பார்க்கச் சொன்னார். அவர் எதையும் தொடவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டார். வெளிச்சம் காயத்தை விட்டு விலகி அரை மணி நேரம் ஆகியிருந்தது, கவாண்டே அதைக் கவனிக்கவே இல்லை. முழங்கை உயர்ந்துபோவதையும் ஆசிரியர்தான் சொன்னார். இதைப் படித்த நாளிலிருந்து நல்ல கோச் என்றால் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும்.

இன்னொருவரின் கண் உதவும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தாராபூரிலும் குஜராத்தின் உம்பர்காவிலும் 17 ஜவுளி நிறுவனங்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆலோசகர்கள் மாதக்கணக்கில் மில்லுக்குள்ளேயே நின்று, சரக்கு அடுக்குவது, பழுதைப் பதிவுசெய்வது, மிஷினைப் பராமரிப்பது என்று ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள். முதல் ஆண்டில் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பழக்கிய முறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மீதிப் பாதி நிலைத்திருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தியாவில் பிசினஸ் கோச் ஆக எந்த உரிமமும் வேண்டாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழுக்கு 100, 500, 2,500 மணி நேரம் என்று படிகள் உண்டு. கோச் அதை வைத்திருந்தால் நல்லதுதான், ஆனால் பனியன் யூனிட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஓட்டல் ஹாலில் கூட்டி, கைதட்ட வைத்து, இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்று சிறு முதலாளிகளின் சேமிப்பைக் கறக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ராத்திரி தூக்கம் வராத ஒருவரிடம் அப்படி அவசரப்படுத்துவது பாவம்.

தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன். "எங்க யூனிட்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்து உக்காருவீங்களான்னு கேளு."

வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவதோடு சரி என்றார் அந்தக் கோச். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தாள். நாலு சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை செக்கிங் மேசை ஓரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாராம். 41 கோடு. அத்தனை முறை யாராவது வேலையை நிறுத்திவிட்டு என் தங்கையைத் தேடி வந்திருக்கிறார்கள். அதில் 26 முறை நூல் கோனுக்கும் ஊசிக்கும். பீரோ சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"எட்டு வருஷமா அங்கதான் வச்சிருக்கேன்க்கா" என்றாள் போனில். குரல் கம்மியிருந்தது. இப்போது அந்தச் சாவி லைன் சூப்பர்வைசர் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.