பழைய கார்க்காரனின் புகார்

பதினாறு வயதான என் காரைக் கண்டால் சிநேகிதர்களுக்குச் சிரிப்பு. "ஸார், அதைத் தள்ளிவிடுங்கள்" என்பது அவர்களுடைய ஏகோபித்த தீர்ப்பு. தள்ளுவதில் எனக்கு ஆட்சேபணையில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற மாதம் மத்திகிரியில், கால்நடைப் பண்ணை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண்ணெதிரே எரிந்தது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்றுக்குப் போனேன். குளிர்ந்த அறை, காப்பி, டை கட்டிய வாலிபர். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார், பானெட்டைத் திறக்கவில்லை. "ஆக்ஸிஜன் சென்ஸார் போச்சு, ஸார். 18,000 ரூபாய் ஆகும்."

சென்ஸார் மீது எனக்குக் கோபமில்லை. 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது அது. புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, புகையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தால் சேதி அனுப்புகிறது. அதைக் கேட்டுப் பெட்ரோல் கூடுகிறது, குறைகிறது. நம் நுரையீரலுக்கு அது செய்திருக்கும் உபகாரம் பெரிது. கார்புரேட்டர் காலத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் கோஷ்டியில் நான் இல்லை.

ஆனால் கம்ப்யூட்டர் காட்டிய எண் என்ன சொல்லிற்று? சென்ஸாரைச் சூடேற்றும் மின்பாதையில் கோளாறு என்று மட்டும்தான். பாதையென்றால் சென்ஸார் உண்டு, ஒயர் உண்டு, ப்யூஸும் உண்டு. மத்திகிரி மெக்கானிக் மீட்டரோடு காரடியில் படுத்தார். அரைமணியில் எழுந்து, எலி கடித்த ஒயரைக் காட்டி, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தக் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது. அங்கே மாட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வைத்தியர் மருந்து எழுதியிருந்தால் ஊர் சிரித்திருக்காதா?

இத்தனைக்கும் இவரிடம் இருப்பது மலிவான கருவி. அது எண்ணைச் சொல்லும். அதற்கு மேல் போகக் கம்பெனியின் சாதனமும் கையேடும் வேண்டும். கேட்டால், "தெரியாதவன் கையில் கொடுத்தால் ஆபத்து" என்பார்கள். யார் தெரியாதவன்? இருபது வருஷம் சிப்காட் தொழிற்சாலையொன்றில் எஞ்சின் பூட்டியவர் ஐயா, இவர்! பூட்டும்வரை தெரிந்தவன், ரிப்பேருக்கு வந்தால் தெரியாதவனா?

இந்தச் சமாதானத்தை 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையமே ஏற்கவில்லை. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் கோர்ட்டுப் படியேறின. 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளமும் திறந்தது. சந்தோஷம். மத்திகிரிக் கடைக்கு இன்னும் கருவி வந்தபாடில்லை.

இனாமாக யாரும் கேட்கவில்லை. நியாயமான விலை சொன்னால், கடன் பட்டாவது வாங்க அவர் தயார். நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.