வண்டி நிற்கும் இடத்துக்கும் ஒரு பந்தல் வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் பாடத்தை மணி அடித்த பிறகும் நடத்துவேன் என்று கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

சிலர் போனில் கேட்டிருந்தீர்கள், "சாருக்கு உடம்புக்கு என்ன டீச்சர், ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களாமே?" என்று. இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் என்ன நடந்தது என்பதை எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எந்த ஊர், எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். நம் வேலூர் மாவட்டத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூரா வெயிலூரா என்று வெளியூர்க்காரர்களே கேட்பார்கள். காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பெரிய மைதானத்தில் காரை நிறுத்தினோம். தரை முழுக்க சிமென்ட் கல் பதித்து, வெள்ளைக் கோடு போட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நூறு வண்டி தாராளமாக நிற்கும். ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது.

சாருக்கு இன்சுலின் போட வேண்டும். அந்தப் பேனா இருந்த பையைப் பின் சீட்டிலேயே வைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போய்விட்டேன். ஒரு மணிக்கு வந்து கதவைத் திறந்தால் அடுப்பங்கரையில் நுழைந்த மாதிரி அனல். பை தொட முடியாத சூடு. மருந்து இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எதையும் வீணாக்காமல் வளர்ந்த புத்தி! அதையே போட்டுவிட்டேன். அடுத்த நாட்களிலும் அதையே போட்டேன். நாலாவது நாள் சர்க்கரை 380. மயக்கம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்பதுதான். நான் சொன்னதும், "அந்தச் சூட்டில் மருந்தின் வீரியம் போயிருக்கும் அம்மா, இனிமேல் காரில் வைக்காதீர்கள்" என்றார். புதுப் பேனா மாற்றிய பிறகு சர்க்கரை இறங்கியது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வரும், சீட்டும் டேஷ்போர்டும் அதை வாங்கிச் சூடாகும், அந்தச் சூடு திரும்பக் கண்ணாடி வழியாக வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். பாடம் நடத்தியவளே பரீட்சையில் பெயிலானேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. காரை நிறுத்தும்போது விசில் ஊதி வழிகாட்டிய ஆள், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றான். தெரிந்தது. என்னிடம் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த பையன். இன்று நாற்பது வயதுக்காரன். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. மத்தியானம் பையை எடுக்க வந்தபோது பார்த்தேன், ஒரு வேனின் ஓரத்தில் விழுந்த ஒன்றரை அடி நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றான். "கார் எல்லாம் சூடாகுதுன்னு எல்லாரும் என்கிட்டதான் சத்தம் போடுறாங்க டீச்சர். கார் நாலஞ்சு மணி நேரம் நிக்குது. நான் விடியக்காலையிலேர்ந்து நிக்கிறேன்" என்று சிரித்தான். நான் "தண்ணி குடிப்பா" என்று சொல்லிவிட்டு ஏசி ஹாலுக்குப் போய்விட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வண்டி நிறுத்துமிடம் என்றால் காலி இடம், கோடு, விசில் ஊத ஓர் ஆள், இது போதும் என்று நாம் நினைக்கிறோம். நிழலும் சேர்ந்தால்தான் அது நிறுத்துமிடம் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் அரிசோனா வெயில் நம் வெயிலுக்கு அண்ணன். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தார், 100 டிகிரி பாரன்ஹீட் தாண்டிய நாட்களில் வெயிலிலும் நிழலிலும் கார்களை நிறுத்தி அளந்து, 2018-ல் வெளியிட்டார்கள். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53, சீட் 51. நிழலில் நின்ற காரில் காற்று 38, டேஷ்போர்டு 48, ஸ்டியரிங் 42, சீட் 41. நிழலில் நிறுத்தினாலும் குழந்தையையோ மருந்தையோ உள்ளே விட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. அதை மறந்துவிடாதீர்கள். ஆனால் ஒரே ஊர், ஒரே வெயில், டேஷ்போர்டில் மட்டும் 21 டிகிரி வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் நிழல்.

கார் வைத்திருப்பவர்களின் சொகுசுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் காரைவிட டூவீலர்தான் அதிகம். மத்தியானம் ரயிலடி ஸ்டாண்டில் வண்டியை எடுத்து, சீட்டில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, பாதி உட்கார்ந்து பாதி நின்றபடி போகும் பெண்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம்! ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணியை அந்தச் சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. காருக்காவது ஏசி இருக்கிறது. அதற்கும், உட்காரும் முன் பத்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு எரிபொருளை எரிக்கிறோம்.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எந்த மைதானத்திலும் முதலில் நிரம்புவது மரத்தடிதான். மரத்தடி நிரம்பியதும் மீதி இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் வெளியே ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் வரிசையாக வண்டி நிற்கும், பஸ் போக வழியிருக்காது. இடம் பற்றாமல் நடப்பதில்லை இது. நிழல் இல்லாத இடத்தை ஜனங்கள் இடமாகவே மதிப்பதில்லை.

நமக்கு இது புதுப் பாடமும் இல்லை. அசோகர் வழியெங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரம் நட்டதைத் தம் கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிறார், நான்தான் உங்களுக்கு நடத்தினேன். பழைய வண்டிப்பேட்டைகளை நினைத்துப் பாருங்கள். மாட்டை அவிழ்த்துக் கட்ட மரநிழல் இல்லாத இடத்தில் எந்த வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார்? மாடு போய் மோட்டார் வந்ததும், நிழல் தேவைப்படுகிற மனிதனையும் சேர்த்து மறந்துவிட்டோம். 2024 கோடையில் புதுச்சேரியில் சிக்னலில் நிற்பவர்களுக்காகப் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். படம் எல்லோர் போனிலும் வந்தது, எல்லோரும் பாராட்டினோம். ஒரு நிமிடம் நிற்கும் இடத்துக்கே பந்தல் போட முடியுமானால், நாள் முழுக்க வண்டியும் ஆளும் நிற்கும் இடத்துக்கு ஏன் முடியாது? ஒரே நாள் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிற ஜனங்கள் நாம்!

எப்படிப் போடலாம் என்பதற்கு வருகிறேன். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், நாலு இடங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டது இது.

செலவு குறைவானது நாற்றங்காலுக்குப் போடும் நிழல்வலை. பாதி வெயிலைத் தடுப்பது, முக்கால் பங்கைத் தடுப்பது என்று ரகம் உண்டு. கம்பம் நட்டு இழுத்துக் கட்டினால் ஒரு வாரத்தில் நிழல் தயார். காற்று ஊடே போவதால் அனல் தங்காது. மழை நிற்காது, சில வருடத்தில் நைந்துவிடும், மாற்ற வேண்டும்.

அடுத்தது தகர ஷீட். உறுதியானது, மழைக்கும் ஆகும். ஆனால் தாழ்வாகப் போட்டு மூன்று பக்கமும் அடைத்தால் அதுவே இன்னொரு அடுப்பு. பத்தடிக்குக் குறையாத உயரம், நாலு பக்கமும் திறப்பு, வெளிர் நிறம், இவை வேண்டும். புயல் அடிக்கிற ஊர் நம்முடையது. கூரையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும் என்பதை நினைத்து அஸ்திவாரம் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சூரிய மின்பலகையையே கூரையாக்குவது. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தே எடுக்கிறது. அங்கே கார் நிறுத்தும் இடத்துக்கு மேலும் பலகைகளைக் கூரையாக்கியிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் 2023-ல் சட்டமே போட்டார்கள். 1500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி நிறுத்துமிடங்களில் பாதியையாவது இப்படி மூட வேண்டும் என்று. நம்மைவிட வெயில் எவ்வளவோ குறைந்த நாடு அது!

ஒரு கணக்குப் போடுவோமா? கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஆக, பன்னிரண்டரை சதுர மீட்டர். ஒரு கிலோவாட் பலகைக்கு ஐந்தாறு சதுர மீட்டர் போதும். அப்படியானால் ஒரு காரின் தலைக்கு மேல் இரண்டு கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் என்றால் எட்டு யூனிட். ஐம்பது கார் நிற்கும் மண்டபத்துக்கு நாளைக்கு நானூறு யூனிட். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்கூட வெயில் அடிக்கும், மின்சாரம் வரும். முதலீடு அதிகம்தான். ஆனால் போட்ட காசைத் திருப்பித் தருகிற கூரை இது ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் மேலானது மரம். வேம்பு, புங்கன், பூவரசு. நாலு கார் இடத்துக்கு ஒரு மரம், அதைச் சுற்றி நாலடிச் சதுரம் கல் பதிக்காத மண், இது போதும். தண்டு வரைக்கும் சிமென்ட் போட்டால் மரம் மூச்சு முட்டிச் சாகும். மரம் வளர ஐந்தாறு வருடம் ஆகும் என்பார்கள். ஆகட்டும். அதுவரை வலை கட்டுங்கள், மரம் வளர்ந்ததும் வலையை அவிழ்த்துவிடுங்கள். நிழலில்லா நாள் அன்று குச்சி நட்டுப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் நம் ஊரில் உச்சி வேளையில் சூரியன் நேர் மேலே வரும். அப்போது கூரை காக்கும். மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வரும், அதைக் கூரை தடுக்காது. அதனால் மேற்குப் பக்கத்தில் மரம் இருக்கட்டும்.

"மரம் என்றால் காக்காய் எச்சம் போடும், இலை கொட்டும்" என்று சொல்வீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். தலைமையாசிரியையாக இருந்தபோது, எங்கள் ஸ்கூட்டர்கள் அசிங்கமாகின்றன என்று பள்ளி வாசலில் இருந்த புங்க மரத்தை வெட்டச் சொல்லி எழுதிய தாளில் என் கையெழுத்து இருக்கிறது. எச்சம் ஒரு குவளைத் தண்ணீரில் போயிருக்கும். மரம் போனது போனதுதான். இன்றைக்கு அந்த வாசலில் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்காகப் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நிழலுக்குப் பை!

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு அலங்கார வளைவு கட்டப் பணம் சேர்ப்பதாகவும், அதில் என் பெயரையும் பொறிக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். உங்கள் அன்புக்குக் கண் கலங்குகிறது. ஆனால் வளைவுக்குக் கீழே ஒருவரும் நிற்க முடியாது கண்ணுகளா. அந்தப் பணத்தில் வாசலில் ஆட்டோவும் சைக்கிளும் பெற்றோரின் வண்டியும் நிற்கும் இடத்துக்கு ஒரு பந்தல் போடுங்கள். மேற்கே மூன்று புங்கன் கன்று நடுங்கள். பெயர் எதுவும் வேண்டாம். முதல் கன்றை நான் வந்து நடுகிறேன், அது நான் தீர்க்க வேண்டிய கடன்.

உங்களில் மண்டபம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். இன்ஜினியர், கான்ட்ராக்டர், கவுன்சிலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை வரைபடம் கையில் வரும்போது, "எத்தனை வண்டி நிற்கும்?" என்று கேட்டுவிட்டு, "நிழல் எங்கே?" என்றும் கேளுங்கள். பெரிய கூரை போட இன்று முடியாவிட்டால், விசில் ஊதும் ஆளுக்கு ஒரு குடையும், ஒரு நாற்காலியும், ஒரு பானைத் தண்ணீருமாவது நாளைக்கே வையுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்குப் போன வாரம் போன் செய்தேன். மண்டபக்காரரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர், வேலை போயிடும்" என்றான். அதனால்தான் ஊர் பெயரும் மண்டபத்தின் பெயரும் எழுதவில்லை. ஆனால் அவனை மாதிரி ஒருவன் நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறான். அவனும் என் வகுப்பில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனாக இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தைக் காரில் வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்