விருந்தினராய்ச் செல்வோம்

அரபிக்கடலில், கேரளக் கரைக்கு மேற்கே இலட்சத்தீவுகள் அமைந்துள்ளன. 36 தீவுகள் எனக் கணக்கிடப்பட்ட இவற்றுள் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். தீவுகளை ஒட்டிய காயல்களின் பரப்போ ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். பளிங்கு போன்ற அக்காயல்களைக் காணப் பயணிகள் விரும்பி வருகின்றனர். ஆயினும், 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி வெளியார் நுழைவு அனுமதி பெற வேண்டும். ‘நம் நாட்டுத் தீவுக்குச் செல்ல நமக்கே அனுமதியா?’ எனச் சிலர் வினவுகின்றனர். வருவோர் தொகைக்கு வரம்பு இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

முதற்காரணம் குடிநீர். அத்தீவுகளில் ஆறுகள் இல்லை. மழைநீர் பவள மணலில் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். இக்குறையைப் போக்கவே, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தித் தீவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைத்தது. அதன் திறன் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலட்சத்தீவுகளின் மக்கள்தொகை 64,000க்கும் மேல். அவர்களுக்குரிய நீரையே பயணிகளும் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

இரண்டாவது காரணம் பவளப்பாறை. அது வெறுங்கல் அன்று. சின்னஞ்சிறு கடல் விலங்குகள் கூடிக் கட்டிய இல்லம். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. அலைகளின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பது அப்பாறையே. சூரை மீன் பிடிக்கும் மீனவர், இரைக்குரிய சிறுமீன்களைக் காயலிலிருந்தே பெறுகின்றனர். கடல்வெப்பம் மிகுந்த 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறி நலிந்தன. அவ்வாறு நலிந்தவற்றை நம் கால்களும் மிதிக்கலாமா?

சுற்றுலாவால் தீவினர்க்கு வேலை கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கிணறு உவர்த்துப் பவளம் சிதைந்தபின் அங்கு யார் வருவார்? பயணிகளை நம்பிய பிழைப்பும் அவற்றோடு அழியுமன்றோ?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் முன்னோர் வழக்கு. வீட்டாரின் நிலையறிந்து நடப்பவரே நல்ல விருந்தினர். மாணவர்களே, நீங்களும் ஒருநாள் பெற்றோருடன் அங்குச் செல்லலாம். நீரை அளவோடு பயன்படுத்துங்கள். பவளத்தை மிதியாதீர்கள், எடுத்தும் வாராதீர்கள். நீங்கள் கொண்டுசென்ற நெகிழியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அனுமதிக்காகச் சில நாள் காத்திருக்க நேர்ந்தால் சலிப்படைய வேண்டா. அங்கு வாழ்வோரின் கிணற்று நீர் இனிப்பாய் இருக்க, நாம் செய்யும் சிறு உதவி அது.